பிரம்பும் விளக்குமாறும்

பெருந்துறைப் பக்கம் பாலக்கரை. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த தாய், கொசு எங்கே கடித்தது என்று பையனிடம் விசாரித்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவப் போன இடத்தில் என்று பையன் சொல்லியிருக்கிறான். அவன் மட்டுமல்ல, இன்னும் சில பிள்ளைகளும் பிளீச்சிங் பவுடரும் குச்சியுமாகப் போயிருக்கிறார்கள். எல்லாம் நம்ம வளவுப் பிள்ளைகள். மற்ற சாதிப் பிள்ளைகள் யாரையும் அந்த வேலைக்கு அனுப்பவில்லை என்பதுதான் அந்தத் தாய் கொடுத்த புகார். தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, டிசம்பர் தொடக்கத்தில் கைதும் செய்யப்பட்டார்.

இதற்கு ஒரு வருஷம் முந்தி, 2021 டிசம்பரில், திருப்பூர் பக்கம் இடுவாய் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் இதே கதை. தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்தார், சாதியைச் சொல்லித் திட்டினார் என்று தலைமை ஆசிரியை மேல் பிள்ளைகளே அதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். அங்கேயும் வழக்கு. பத்திரிகைக்காரர்கள் இதை எல்லாம் ‘சம்பவம்’ என்று எழுதுகிறார்கள். சம்பவம் என்றால் என்றைக்கோ ஒருநாள் நடப்பது. இந்த வட்டாரத்தில் படித்த அருந்ததியப் பிள்ளைகளில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். விளக்குமாறு பிடிக்காமல் அஞ்சாங்கிளாஸ் தாண்டியவர் அதில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

வழக்கு நடக்கட்டும். தீர்ப்பு சொல்வது நம் வேலை அல்ல. நாம் பேச வந்தது வேறு. இப்படி ஒரு செய்தி வந்ததும் ஆசிரியர்கள் மத்தியில் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. ஒன்று, ‘ஒரு டீச்சர் தப்புப் பண்ணுனா எல்லா டீச்சரையும் சொல்லுவீங்களா?’ இன்னொன்று, ‘ஜப்பான்ல பிள்ளைங்கதானே பள்ளிக்கூடத்தைச் சுத்தம் பண்றாங்க. அது ஒழுக்கப் பயிற்சி.’ முதல் பேச்சுக்குப் பதில் சுலபம். நாங்கள் எல்லா டீச்சரையும் சொல்லவில்லை. எல்லா டீச்சரும் தெரிந்தோ தெரியாமலோ கையாளுகிற ஒரு முறையைச் சொல்கிறோம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும்.

ஜப்பான் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். உண்மைதான். (அந்த நாட்டிலும் தீண்டாமைக்கு ஆளான புராக்குமின் மக்கள் உண்டு. ஜப்பானைப் பற்றி வாட்சப்பில் பாடம் நடத்துகிறவர்களுக்கு அது மட்டும் தெரியாது.) இங்கே முறை எப்படி வைக்கிறார்கள்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் காலனிப் பிள்ளைகளுக்கும் ஒரே முறையா? பண்ணாடி மகன் கையில் ஒருநாள் வாளியைக் கொடுத்துப் பார்க்கட்டும். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் எத்தனை புல்லட் வந்து நிற்கும் என்று அந்த ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுக்காமல் இருக்கிறார். யாரிடம் கொடுத்தால் கேட்க நாதியில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவனைத்தான் கூப்பிடுகிறார். இதற்கு ஒழுக்கப் பயிற்சி என்று பேர்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை ஈரோட்டுக் கிழவர் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராகப் போய் நொறுக்கினார். பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றது அந்தத் திட்டம். ராஜாஜி பதவியை விட்டுப் போனார். 1954-இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். இந்த வரலாற்றை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவேண்டியதுதான். ஆனால் ராஜாஜி திட்டத்திலாவது பையன் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போகவேண்டியிருந்தது. பெரியார் மாவட்டம் என்று பேர் வைத்திருந்த மாவட்டத்தில், பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் மேற்பார்வையில் அது நடந்திருக்கிறது என்றால், குலக்கல்வி போனது காகிதத்தில்தான்.

தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது. கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் ‘கட்டுப்பாடு’ என்றால் நல்ல விஷயம். ‘அந்த ஸ்கூல்ல நல்ல கட்டுப்பாடுங்க’ என்று சொல்லித்தான் கடன் வாங்கியாவது பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஊருக்குள் ‘கட்டுப்பாடு’ என்றால் என்ன? காலனிக்காரனுக்குக் கடையில் சாமான் கொடுக்காதே, வேலைக்குக் கூப்பிடாதே, பால் ஊற்றாதே என்பது. ஊர்க் கட்டுப்பாடு. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? சொல் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியும், இரண்டும் ஒன்று என்று. ஊர்க் கட்டுப்பாட்டின் நகல்தான் வகுப்புக் கட்டுப்பாடாக அவர்கள் முன்னால் வந்து நிற்கிறது. யார் எங்கே உட்காருவது, யார் முதலில் தண்ணீர் குடிப்பது, யார் பேசலாம், யார் பேசினால் குற்றம், அடி யாருக்கு எத்தனை.

வகுப்பு லீடர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கோ மீட்டிங்குக்கோ போகும்போது ஒரு பையனை எழுப்பி, ‘பேசுறவன் பேரை எழுதி வை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவன் கரும்பலகை ஓரத்தில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழிக்கிறான். பேர் விழுகிறது. திரும்பப் பேசினால் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. ஆசிரியர் வந்ததும் பெருக்கல் குறிக்கு ஒன்று வீதம் அடி. நம்மில் யாருக்கு இது தெரியாது? இந்தப் பத்திரிகையில் எழுதுகிற, படிக்கிற முக்கால்வாசிப் பேரின் பேர் அந்தப் பலகையில் ஏறியதுதான். இப்போது கேட்கிறோம், உங்கள் பள்ளியில் லீடர் யார்? நன்றாகப் படிக்கிறவன் என்பார்கள். சரி. வெள்ளைச் சட்டையும் சீவிய தலையுமாக வருகிறவன், ஆசிரியரின் வண்டியைத் துடைக்க வேண்டாதவன், டீ வாங்கக் கடைக்கு அனுப்பப்படாதவன், சாருக்குத் தோட்டத்திலிருந்து தேங்காயும் நிலக்கடலையும் கொண்டுவருகிறவன் அவன். பத்து வயசில் அவன் கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, உன் அப்பன் பண்ணையத்தில் வேலை செய்கிறவன் மகன் வாயைத் திறக்கிறானா என்று பார் என்று உட்காரவைக்கிறோம். அவனுக்கும் அது பாடம்தான். இவனுக்கும் பாடம்தான். அந்த வருஷம் நடந்த பாடங்களிலேயே இருவருக்கும் மறக்காத பாடம் அது ஒன்றுதான்.

இரட்டைமலை சீனிவாசன் படித்தது இதே கொங்கு மண்ணில், கோயம்புத்தூரில். 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற தன்வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். நானூறு பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர் எல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். சாதி தெரிந்துவிடுமே என்ற பயத்தில் யாரோடும் பழகாமல், பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். இதை ஒரு ஆசிரியரின் கண்ணோடு பாருங்கள். மணி அடித்த பிறகு வருகிற பையன். யாரோடும் சேராத பையன். விட்டதும் ஓடிப்போகிற பையன். இன்றைய வகுப்பில் இருந்தால் அவனுக்கு என்ன பேர் வைப்போம்? ‘லேட் கமர்.’ ‘மந்தம்.’ ‘திருட்டு முழி.’ பின்னாளில் லண்டன் வட்ட மேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர் அந்தப் பையன். அம்பேத்கர் மட்டும் என்ன? சாக்குப் பையை வீட்டிலிருந்து கொண்டுபோய் விரித்து, வகுப்பின் மூலையில் தனியாக உட்கார்ந்தவர். பியூன் வந்து ஊற்றினால் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகம். அந்தப் பள்ளியில் ஒழுங்கு கெடவில்லை. எல்லாம் அமைதியாக, முறைப்படி நடந்தது. கட்டுப்பாடு மிக்க பள்ளிக்கூடம்தான் அது.

திருடன் பட்டமும் இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு உறுப்பு. வகுப்பில் பேனா காணாமல் போனால் முதலில் யார் பையைக் கொட்டுகிறார்கள்? 1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’வில் ஒரு தேங்காய்க்காகத் திருடிப் பட்டம் வாங்கிய பிள்ளையைப் படித்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விசாரணை கிடையாது. சாதி ஒன்றே போதும், சாட்சி வேண்டாம்.

*

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இதை எழுதாமல் விட்டால் இந்தத் தலையங்கம் பாதிதான்.

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம் அப்பனாத்தாக்கள் சொல்லும் சொல் ஒன்று உண்டு. ‘கண்ணு ரெண்டை மட்டும் உட்டுட்டுத் தோலை உரிச்செடுங்க சார்.’ எல்லாச் சாதியிலும் இதைச் சொல்வார்கள். ஆனால் சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. சொத்து உள்ளவன் சொன்னால் அது வாய்ப்பேச்சு. ஆசிரியர் நிஜமாகவே தோலை உரித்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். நம் ஆள் சொன்னால் அது கையெழுத்துப் போட்ட பத்திரம்.

1995-இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் ஒரு சின்னப் பெண் பிள்ளை, மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டாள் என்று ஆசிரியர் அடித்தார். ஒரு கண் போயிற்று. கண்ணை மட்டும் விடச்சொன்ன சமூகத்துக்கு, அந்தக் கண்ணையும் விடவில்லை. அன்றைக்கு இயக்கங்கள் அதற்காகத் தெருவில் இறங்கின. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 2003-இல்தான் தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதை அரசு தடை செய்தது. அதுவரை அளவோடு அடிக்க விதியே இடம் கொடுத்திருந்தது. அளவு யார் கையில்? 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடம்பில் அடிப்பதை மட்டுமல்ல, மனசு நோகப் பேசுவதையும் தடுக்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதற்குத் தண்டனை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி போன இரண்டே வருஷத்தில், 1996-லேயே, பள்ளிச் சட்டத்தில் பிரம்படியைத் தடை செய்தார்கள். பழைய ஆட்சியின் பழக்கம் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் இருக்கட்டும். போன மாதம் நம் தோழர் ஒருவர் காலனியில் நடத்துகிற ராத்திரி வகுப்புக்குப் போயிருந்தோம். சமுதாயக் கூடத்துத் திண்ணை, ஒரு பல்பு, முப்பது பிள்ளைகள். சுவரில் அம்பேத்கர் படம், பெரியார் படம். படத்துக்குக் கீழே சுவரோரமாக ஒரு புளிய விளாறு. என்ன தோழர் இது என்றோம்.

‘சும்மா வெச்சிருக்கறதுங்க. அடிக்கறதில்லீங்.’

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொடிசு, ‘நேத்து அடிச்சாருங்க’ என்றது.

தோழர் சிரித்தார். நாமும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் சொன்னார்: ‘இந்தப் பசங்க பகல்ல அங்க அடி வாங்கீட்டு வர்றானுங்க. அடிச்சாத்தான் அடங்கறதுன்னு பழகிப்போச்சு. நாம மெதுவாப் பேசுனா இளிக்கறானுங்க. நான் ஒண்டிக்கட்டை என்ன பண்ணட்டுங்?’

இது நேர்மையான பதில். நம் இயக்கத்தில் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பார்ப்பனியம், அதிகாரம், வன்முறை என்று கூட்டத்தில் பேசிவிட்டு ராத்திரி வகுப்பில் விளாறை எடுக்கிறோம். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் கையை ஓங்குகிறோம். பண்ணாடியிடம் பகலில் வாங்கிய வசவு ராத்திரி குடிசைக்குள் வந்து பிள்ளையின் முதுகில் விழுகிற கணக்கு நமக்குத் தெரியாததா? ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைச் சொல்லும்போது மாடு யார் என்று நாம் ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும்.

அந்தத் தோழரின் கேள்விக்குப் பதில் வேண்டும். முப்பது பிள்ளைகளை, சத்தத்தை, சண்டையை, எழுந்து ஓடுகிறவனை, தூங்குகிறவளை அடிக்காமல் எப்படி நடத்துவது? அன்பாக இருங்கள் என்பது பதில் அல்ல. அது சாமியார் பேச்சு.

பவானிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிற ஆசிரியை ஒருவர் நமக்குத் தெரிந்தவர். பேரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் செய்வது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஜூன் மாதம் முதல் வேலையாக எல்லாப் பிள்ளைகளின் பேரையும் மூன்று நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார். ‘டேய், ஏய், நீ, அந்தக் கடைசிப் பையன், காலனிப் பையன்’ என்ற கூப்பாடு அவர் வகுப்பில் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக்கு ‘வாங்க கண்ணு’, காலனிப் பிள்ளைக்கு ‘வாடா’ என்று இரண்டு தராசும் கிடையாது. எல்லோருக்கும் ‘வா கண்ணு’தான். கேட்கச் சின்ன விஷயம். கொங்கு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மூணு வயசுப் பொடியன் நம் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் இது.

லீடர் வாரத்துக்கு ஒருவர். எல்லோருக்கும் முறை வரும். லீடருக்குப் பேர் எழுதும் வேலை கிடையாது. சாக்குக்கட்டி எடுத்துவருவது, நோட்டு விநியோகம், மணி பார்ப்பது, அவ்வளவுதான். முதல் தடவை ஒரு காலனிப் பெண் பிள்ளை லீடர் ஆனபோது நோட்டை அவள் கையிலிருந்து வாங்கமாட்டேன் என்று ஒருவன் உட்கார்ந்துகொண்டானாம். டீச்சர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. நோட்டு அவள் கையில்தான் இருக்கும், உனக்கு வேண்டும்போது போய் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தியிருக்கிறார். அன்றைக்கு முழுக்க அவன் நோட்டு இல்லாமல் இருந்தான். மறுநாள் அவன் பாட்டி வந்து சத்தம் போட்டார். டீச்சர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வகுப்பு நடப்பதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பாட்டி தண்ணீரைக் குடிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பையன் நோட்டை வாங்கினான். இதை வெற்றி என்று அவர் சொல்லவில்லை. ‘வாங்குனான், அவ்வளவுதான். வீட்ல என்ன சொல்லிக்குடுத்தாங்களோ’ என்றார்.

லேட்டாக வருகிற பிள்ளையை வெளியே நிற்க வைப்பதில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மணிக்குத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஒருத்திக்குத் தம்பியைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விடும் வேலை. ஒருவனுக்கு விடிகாலையில் தோட்டத்தில் சாணி அள்ளும் வேலை, அப்பன் வாங்கிய முன்பணத்துக்காக. நின்றுகொண்டே அவன் பாடம் கேட்டால் கடன் அடைந்துவிடுமா? சாணி அள்ளும் பையன் விஷயத்தை அவர் வட்டாரக் கல்வி அலுவலர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். இதுதான் வித்தியாசம். அந்தப் பையன் லேட்டாக வருவதற்கு யார் காரணமோ அவரைப் போய்க் கேட்பது அவர் கணக்கில் ஆசிரியர் வேலையில் சேர்த்தி.

சத்தம்? சத்தம் இருக்கத்தான் செய்கிறது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒரு அலுவலர் ‘என்னம்மா சந்தைக்கடை மாதிரி இருக்கு’ என்றாராம். சந்தையில்தானே சார் எல்லோரும் பேசலாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை என்று சிரித்தார். அவரும் அடித்திருக்கிறார், முதல் ஐந்தாறு வருஷம். ஒருநாள் அடித்த அடியில் ஒரு பையன் பள்ளிக்கு வராமல் நின்று, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அண்ணனோடு போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. நாம் வேறு எதுவும் கேட்கவில்லை.

*

பயமும் இருக்கிறது. ஆசிரியர்களின் பயம் பொய் இல்லை. 2022-இல் மாணவர்கள் வகுப்பிலேயே ஆசிரியர்களை மிரட்டுகிற, பெஞ்சு நாற்காலிகளை உடைக்கிற வீடியோக்கள் வந்தன. பிரம்பைப் பிடுங்கியதன் விளைவு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒழுங்கீனமாக நடப்பவர்களின் மாற்றுச் சான்றிதழில் அதைக் குறித்து அனுப்புவோம் என்றுகூட அரசு தரப்பில் பேச்சு எழுந்தது. சான்றிதழில் கறை விழுந்தால் காசு உள்ளவன் வேறு பள்ளியை விலைக்கு வாங்குவான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் நேராக மில்லுக்குப் போவான். தண்டனை ஒன்றுதான், விழுகிற இடம் வேறு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன்களைச் சின்ன வயசில் நாலு சாத்துச் சாத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அப்போதும் சிலர் எழுதினார்கள். நாம் கேட்பது, அவர்களுக்கு அடி போதாமல் போனதா, அல்லது சொன்ன பேச்சுக் கேட்காதவனை உடம்பில் காயப்படுத்தினால் சரியாகிவிடுவான் என்ற பாடம் நன்றாக ஏறியதா? ஒரு பையன் துன்புறுத்தப்படுகிறான் என்று பள்ளிக்குத் தெரிந்த பிறகும் அவனைக் காப்பாற்றுகிற ஏற்பாடு எதுவும் அந்தப் பள்ளியின் கட்டுப்பாட்டில் இல்லை. இந்த ஒன்றைத்தான் பேசியிருக்க வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கயிறு கட்டுவதைப் பற்றி மட்டும் டிவியில் நாலு நாள் சண்டை போட்டார்கள். அறிக்கையில் வேறு பல விஷயங்கள் இருக்கின்றன. பள்ளிப் பேரில் சாதி வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி வேண்டாம், ஆசிரியர் சாதியைச் சுட்டிப் பேசக்கூடாது, அகரவரிசைப்படி உட்கார வை என்று. கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். அகரவரிசை! பிள்ளைகளைப் பேரின் முதல் எழுத்துப்படி உட்கார வைப்பதற்கு ஒரு உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி குழு போட்டுச் சொல்லவேண்டிய நிலையில் இருக்கிறோம்.

உட்காரும் இடம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தலித் மாணவியை, மாதவிலக்கு என்று சொல்லி, வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்களே, அதை நினைவுபடுத்துகிறோம். சாதி, பெண் இரண்டு தீட்டும் ஒரே படிக்கட்டில்.

செயல்வழிக் கற்றல் வந்த புதிதில், 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பிறகு 2007-08-இல் மாநிலம் முழுக்கவும், பிள்ளைகளும் ஆசிரியரும் தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அட்டை தீரத்தீரக் குழு மாறும். ஆதலால் யாரோடும் யாரும் உட்கார்ந்தாக வேண்டும். பாடம் எவ்வளவு ஏறியது என்பதில் ஆயிரம் விவாதம் இருக்கலாம், நமக்கும் உண்டு. ஆனால் கடைசி பெஞ்சு என்ற ஒன்று இல்லாமல் போனதை நம் பிள்ளைகள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். 2025 ஜூலையில் ‘ப’ வடிவில் இருக்கை போடச்சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. உடனே கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று மருத்துவ விவாதம் தொடங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் எழுபது வருஷம் உட்கார்ந்திருந்த கழுத்துகளைப் பற்றி யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. கக்கூஸ் கழுவுவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘துப்புரவுப் பணியாளரை நியமி’ என்று நம் தோழர்களே கோஷம் போடுகிறார்கள். நியமிக்கிறார்கள். சொற்பத் தொகுப்பூதியத்துக்கு, மாசக்கணக்கில் பாக்கி வைத்து. வந்து நிற்கிறவர் யார்? அதே பையனின் ஆத்தா. பையன் கையிலிருந்த குச்சி ஆத்தா கைக்கு மாறுவதைத்தான் நாம் வெற்றி என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறோமா? தன் ஆத்தா கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே வகுப்பில் உட்காருகிற பையனுக்கு அங்கே என்ன பாடம்? எல்லாச் சாதியாரும் விண்ணப்பிக்கிற அளவுக்குச் சம்பளம் கொடு, கையால் தொடாத கருவியும் தண்ணீர்க் குழாயும் கொடு, நிரந்தர வேலையாக்கு. கோரிக்கை இதுவாக இருக்கட்டும். வகுப்பறையைக் கூட்டுவது வேண்டுமானால் முறை வைத்துச் செய்யலாம். அகரவரிசைப்படி, ஆண் பிள்ளைகளும் சேர்த்து, முதல் முறை தலைமை ஆசிரியருடையது. கழிவறைக்கு எந்தப் பிள்ளையும் போகக்கூடாது, கழுவ.

2009-இல் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டு 1-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஒதுக்கீட்டில் ஆசிரியர் வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் இன்று இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம். ஸ்டாஃப் ரூமில் உங்களுக்குத் தனி டம்ளர் வைக்கிறார்களா என்று நாங்கள் கேட்போம், கேட்டுச் சண்டைக்கும் வருவோம். அதே நேரம் உங்கள் வகுப்பில் பலகை ஓரத்தில் பேர் எழுதுகிறவன் யார் என்றும் கேட்போம். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்திய காலத்தில் நமக்கு வேறு பள்ளி இல்லை. இப்போது இருக்கிற பள்ளிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உண்டு. சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உங்கள் ஆத்தாவோ அக்காவோ அதில் உறுப்பினராக இருக்கக்கூடும், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரோடு கூடப் போங்கள். கழிவறை கழுவுகிறவர் யார், அவருக்குக் கடைசியாகச் சம்பளம் வந்தது எந்த மாதம், வகுப்பு லீடர்கள் யார் யார், உதவித்தொகைப் படிவத்துக்கு ‘எஸ்.சி. பசங்க எந்திரிங்க’ என்று வகுப்பில் சொல்கிறார்களா அல்லது தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்களா, புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடி, அவமானம் என்றால் 14417-க்கும் 1098-க்கும் போன் போடலாம் என்று வளவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எழுதியதை நமக்கு அனுப்புங்கள். பள்ளிப் பேரோடு, ஊர்ப் பேரோடு. பிள்ளைகளின் பேர் மட்டும் வேண்டாம். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

ராத்திரி வகுப்புத் தோழர் இந்தத் தலையங்கத்தை அச்சுக்குப் போகும் முன் படித்தார். விளாறு விஷயத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பொடிசு சொன்னதை மட்டும் ‘நேத்து’ அல்ல, ‘முந்தாநேத்து’ என்று திருத்தச் சொன்னார்.